பதினாறு வயதில் புத்தகம் போட்ட கதை: பெற்றவர்களும் படிக்கவும்

நான் கோவில்பட்டிக்காரி. 2019 ஜனவரியில், பதினாறு வயதில், என் பெயர் போட்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஊரே பெருமைப்பட்டது. அதற்கு வீட்டில் செலவானது 32,000 ரூபாய். அதுபோக அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலிக்கு இரண்டு வருஷ வட்டி. பணம்கூடப் போகட்டும். நான் எழுதிய கதைகள் எனக்குச் சொந்தமில்லை என்று ஒருவர் ஃபோனில் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. இப்போது எனக்கு இருபத்து மூன்று. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிற பிள்ளைகள் படித்தால் நல்லது. அவர்களைப் பெற்றவர்கள் படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஃபோன் வருவது அவர்களுக்குத்தான்.

எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அது பெரிய அதிசயம் இல்லை. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் ஒரு பக்கம், பாரதி பிறந்த எட்டயபுரம் இன்னொரு பக்கம். தமிழாசிரியர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே வளர்ப்பார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட அளவில் ஒரு கதைப் போட்டியில் பரிசு வாங்கினேன். செய்தித்தாளில் பள்ளிக்கூடத்தின் பெயரோடு என் பெயரும் வந்தது. கொஞ்ச நாளில் அப்பாவுக்கு ஒரு ஃபோன். சென்னையில் ஒரு பதிப்பகம். "இளம் எழுத்தாளர்" என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்களாம். தமிழ்நாடு முழுக்கத் தேடி என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். யாரும் சும்மா ஒன்றும் தரமாட்டார்கள் என்று தெரிந்தவர்தான். அவரையே அந்த ஆள் மடக்கிவிட்டார். "சார், பாரதி பதினொரு வயசுல பட்டம் வாங்கினாரு. அவரு ஊருக்குப் பக்கத்து ஊரு நீங்க. பாப்பாவுக்குப் பதினாறு ஆயிருச்சு, இன்னும் லேட் பண்ணலாமா?" என்று கேட்டாராம். அப்பா அன்றைக்கு ராத்திரி இதை அம்மாவிடம் அப்படியே சொன்னார், குரல்கூட மாற்றாமல்.

அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. எட்டயபுரம் அவையில் பதினொரு வயதில் பட்டம் கிடைத்ததாகச் சொல்லப்படுவது சரிதான். ஆனால் பாரதியின் பாடல்கள் 'ஸ்வதேச கீதங்கள்' என்று நூலாக வந்தது 1908-இல். அப்போது அவருக்கு 25 வயது. நடுவில் அவர் காசிக்குப் போய்ப் படித்தார், மதுரையில் கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், சென்னையில் பத்திரிகையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பதினொன்றைச் சொல்கிறவர்கள் யாரும் இருபத்தைந்தைச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்.

திட்டத்தில் என்னென்ன உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது: 300 பிரதி, பலவண்ண அட்டை, "சர்வதேச ஐஎஸ்பிஎன்" (புத்தகத்துக்கான அடையாள எண்), சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியீடு, ஒரு விருது, ஒரு சான்றிதழ். லைப்ரரி ஆர்டர் கட்டாயம் கிடைக்கும், அதாவது நூலகங்களுக்காக அரசாங்கமே ஆயிரம் பிரதி வாங்கும், போட்ட காசு ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று வாய்ப்பேச்சாகவும் சொன்னார்கள். வாய்ப்பேச்சில் சொன்ன எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: ஃபோனில் சொன்னதை அப்படியே ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான பதிப்பகமாக இருந்தால் அனுப்புவார்கள். இல்லையென்றால் "நம்பிக்கை இல்லையா சார்?" என்று அந்தப் பக்கமிருந்து வருத்தப்படுவார்கள்.

சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. பாதிப் பணம் முன்பணம், மீதி அச்சுக்குப் போகும்போது. அப்பா பில் கேட்டார். கையால் எழுதின ரசீது வந்தது. அதில் "இலக்கியப் பணிக்கான நன்கொடை" என்று இருந்தது. அப்பாவுக்கு அது உறுத்தியது, கேட்டும் பார்த்தார். வரி விஷயத்துக்காக அப்படிப் போடுவது வழக்கம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை பின்னால் எங்களை எப்படி அடித்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஒப்பந்தம் கூரியரில் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எங்கள் வீட்டில் அதைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் கிடையாது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் எழுத்தாளர் என்ற இடத்தில் போட்டேன், அப்பா சாட்சி என்ற இடத்தில் போட்டார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று நோட்டில் போட்டுப் பழகிவிட்டு அதற்கப்புறம்தான் அந்தத் தாளில் கை வைத்தேன்.

கதைகளை ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தோம். அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், பதிப்பகத்தில் அதை, இப்போது எல்லா இடத்திலும் புழங்குகிற யூனிகோடு முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் பிரிந்துபோகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். மாற்றியதும் ஒரு தடவை முழுசாகப் படித்துச் சரிசெய்வார்கள். அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்துவதற்குப் புரூஃப் அனுப்புங்கள் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்மா, நீ பரீட்சைக்குப் படி" என்றார்கள். புத்தகம் கைக்கு வந்தபோது "போனாள்" என்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இரட்டைக் கொம்பு தனியாக நிற்கிறது, நடுவில் ஒரு புள்ளி வட்டம், பக்கத்தில் அநாதையாக ஒரு கால். என் கதைகளில் எல்லோரும் எங்கேயாவது போய்க்கொண்டே இருப்பார்கள். பக்கத்துக்கு நாலைந்து புள்ளி வட்டம். பின்னட்டையில் "பன்னிரண்டு முத்தான கதைகள்" என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஒன்பது. அதாவது பின்னட்டை எழுதியவர் உள்ளடக்கப் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. என் கதைகளை அந்தப் பதிப்பகத்தில் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பணம் போனதைவிட அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. தமிழ்நாடு முழுக்கத் தேடித் தேர்ந்தெடுத்தார்களே, எதைப் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

ஆகவே இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். புத்தகம் போடுகிறேன் என்று யாராவது வந்தால், எந்தக் கதை பிடித்தது, எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். படித்தவர் கட்டாயம் ஏதாவது குறை சொல்வார். எல்லாமே அருமை என்பவர் படிக்கவில்லை. புரூஃப் என் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எழுத்துரு விஷயத்தில், முதலிலிருந்தே யூனிகோடில் அடித்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. மொபைலிலேயே அடிக்கலாம், நான் இப்போது அப்படித்தான் அடிக்கிறேன்.

வெளியீட்டுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், புத்தகக் காட்சி. எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தக் கூட்டத்தையும் வரிசை வரிசையான கடைகளையும் பார்த்து மூச்சு முட்டியது. மேடையில் வெளியீடு என்று நினைத்து அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நடந்தது என்னவென்றால், அவர்களுடைய கடையின் ஓரத்தில் என்னைப் போலவே பத்துப் பதினைந்து பிள்ளைகளை நிற்கவைத்து, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒரே ஃபோட்டோ. விருதுக்கான ஷீல்டுக்குத் தனியாக 2,500 ரூபாய் கேட்டார்கள். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், எந்த அப்பாதான் மாட்டேன் என்பார்? எங்கள் அப்பாவும் கொடுத்தார். 32,000-க்குள் அது சேர்த்தி இல்லை. எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அம்மா வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

விருதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011-இலிருந்து கொடுக்கிறார்கள். 35 வயது வரை தகுதி உண்டு. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் அவர்கள் நமக்குத் தருவார்கள். 2021-இல் மத்திய அரசு பிரதமர் யுவா என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. 30 வயதுக்குட்பட்டவர்களில் 75 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு மாதம் 50,000 ரூபாய் கொடுத்து எழுதவைத்து, நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் புத்தகமாகவும் போட்டது. "இளம் எழுத்தாளர்" என்று இவர்கள் சொல்லும்போது கணக்கு முப்பது, முப்பத்தைந்து. பதினாறு வயதுப் பிள்ளைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிறவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. விருது வாங்க நாம் காசு கட்ட வேண்டும் என்றால் அந்த ஷீல்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், விலை குறைவு.

ஊருக்குத் திரும்பியதும் பள்ளியில் பிரேயரில் அறிவித்தார்கள். ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள், அப்பாவின் ஆபீஸில் வேலை பார்க்கிற அக்காக்கள் எல்லாம் வாங்கினார்கள். என் கையில் காசைக் கொடுத்துவிட்டு, "எங்கதையவும் ஒரு நா எழுது தாயி" என்றார் ஓர் அக்கா. அந்தப் புள்ளி வட்டங்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒருவரும் சொல்லவில்லை. நூறு பிரதிக்கு மேல் பரணில் ஏறியது. 300 பிரதி என்றார்களே, எண்ணிப் பார்த்ததில் 250-தான் வந்திருந்தது. மீதி "விற்பனைக்காக" அங்கேயே இருக்கிறதாம். விற்ற கணக்கு இன்று வரை வரவில்லை. அதே அளவு புத்தகத்துக்கு என்ன ஆகும் என்று அப்பா சிவகாசியில் தெரிந்த ஓர் அச்சகத்தில் கேட்டார். டெம்மி அளவில் 80 பக்கம், அதாவது ஐந்து ஃபாரம் (ஒரு ஃபாரம் என்பது பதினாறு பக்கம்), மேப்லித்தோ தாள், பலவண்ண அட்டை, 300 பிரதி. பன்னிரண்டு, பதின்மூன்றாயிரத்துக்குள் முடியும் என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் கணக்கு நோட்டில் இரண்டு தொகையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தார். அதை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

ஐஎஸ்பிஎன் கதையையும் கேளுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் பட்டியலில் 3,000 ரூபாய் போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லியில், கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடுகிற தனி ஆளும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தவிர அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண், அவ்வளவுதான். தரச் சான்றும் இல்லை, உரிமைப் பத்திரமும் இல்லை. பதின்மூன்று இலக்கம் இருக்கும். இந்தியப் புத்தகமென்றால் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அது ஒழுங்கான எண்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: முதல் இலக்கத்தை ஒன்றால், அடுத்ததை மூன்றால், அதற்கடுத்ததை மறுபடி ஒன்றால் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதமில்லாமல் வகுபட வேண்டும். நான் என் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வகுபடவில்லை. பின்னட்டையில் இருந்த பார்கோடு வெறும் படம்.

லைப்ரரி ஆர்டர் வரவே இல்லை. யாரும் விண்ணப்பித்ததாகவும் தெரியவில்லை. பிறகு கல்லூரிக்காகச் சென்னை வந்தபோது எழும்பூரில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்த் தேடினேன். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்தையும் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும்; அந்த மூன்றில் கன்னிமாராவும் ஒன்று. அங்கே என் புத்தகம் இல்லை. ஒரு பதிப்பகம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அவர்கள் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட புத்தகங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். புத்தகக் கடைகளில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவர்களுடைய பழைய எழுத்தாளர் இரண்டு பேரிடம், அவர்கள் கொடுக்கிற எண்ணில் இல்லாமல் நாமாகத் தேடிப் பிடித்து, பேசிப் பாருங்கள்.

பிளஸ் டூ மார்க் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அதற்குப் புத்தகம்தான் காரணம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஆனால் பேச்சு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் எழுதுவதை நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. நோட்டை எடுத்தாலே அந்தப் புள்ளி வட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கொரோனா வந்தது, எல்லோரும் வீட்டில் இருந்தோம், எழுத எவ்வளவோ நேரம் இருந்தது. எழுதவில்லை. என் கணக்கில் பெரிய நஷ்டம் அந்த இரண்டு மூன்று வருஷம்தான்.

மறுபடி ஆரம்பித்தது கல்லூரியில். ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பினேன். திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. மூன்றாவதாக ஓர் இதழின் ஆசிரியர், கதை இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, முதல் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பிப் பார் என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பைசா தரவில்லை, இரண்டு பிரதி அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் என் கதையைக் கடைசி வரி வரை படித்திருக்கிறார் என்பதை நான் அப்போதுதான் முதன்முறையாக அனுபவித்தேன். பதினாறு வயதில் எனக்கு வேண்டியிருந்தது இது. புத்தகம் இல்லை.

2023-இல் பலருடைய கதைகளைச் சேர்த்து ஒரு தொகைநூல் தயாரித்துக்கொண்டிருந்தவர்கள், என் பழைய ஒன்பதில் ஒரு கதையைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அது வெளியான இடத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள் என்றார்கள். சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் ஃபோன் செய்தேன். "அந்தக் கதைங்க எங்க கம்பெனி சொத்தும்மா. வேணும்னா என்ஓசி தர்றோம், பதினஞ்சாயிரம் கட்டிருங்க" என்றார்கள். என்ஓசி என்றால் ஆட்சேபம் இல்லை என்கிற கடிதம். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் அல்லவா, உட்கார்ந்து படித்தேன். கதைகளின் உரிமை அவர்களுக்கே: எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், சினிமா உள்பட, உலகம் முழுக்க, என்றென்றைக்கும். அதற்கு ஈடாக எனக்கு என்ன என்று தேடினேன். பத்துப் பிரதி இலவசம் என்று ஒரு வரி இருந்தது.

எங்கள் தெருவில் இருக்கிற ஒரு டீச்சர்தான் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்ட உதவி இலவசம். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பதினாறு வயதிலேயே அந்த ஆங்கிலத் தாள்களை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். அங்கே கிடைத்த வக்கீல் அம்மா தாளைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "கையெழுத்துப் போட்டப்ப உனக்கு என்ன வயசு?" பதினாறு என்றேன். சிரித்தார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பிரிவு 11-இன்படி, மேஜர் ஆகாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதி இல்லாதவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-இலேயே, வெள்ளைக்காரன் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதினெட்டு ஆன பிறகு ஒப்புக்கொண்டேன் என்று சொன்னாலும் அது உயிர் பெறாது. அப்பா சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. காப்பாளர் என்ற முறையில் போட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும் என்றார்.

வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு போனது. கொஞ்ச நாளில், எந்த உரிமையும் கோரவில்லை என்று ஒரே பத்தியில் ஒரு கடிதம் வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. கதை தொகைநூலில் வந்தது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன.

பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தாலும் எங்களுக்கு நாள் கடந்துவிட்டது. அதோடு ரசீதில் "நன்கொடை" என்று இருக்கிறது. காசு கொடுத்துச் சேவை வாங்கினோம் என்று நிரூபிப்பதற்கே தனியாக மல்லுக்கட்ட வேண்டும் என்றார் வக்கீல் அம்மா. அப்பா விடு என்றார், விட்டோம். உங்களுக்கு இப்படி ஏதும் நடந்தால், நாள் கடத்தாதீர்கள். நாம் இருக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், பணத்தை வங்கி மூலமாக மட்டும் அனுப்புங்கள், ரசீதில் எதற்கான பணம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

உரிமை விஷயத்தில் வக்கீல் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்த நிமிஷமே பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். அதற்கு வயது வரம்பு இல்லை, பதிவு செய்தாக வேண்டும் என்றும் இல்லை. வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். நாம் இருக்கும் வரைக்கும், நமக்குப் பிறகு 60 வருஷத்துக்கும் அந்த உரிமை நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்து மூலம் கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷம் என்று போடவில்லை என்றால் ஐந்து வருஷம், எந்த இடத்துக்கு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. எனவே ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை மட்டும் தேடிப் படியுங்கள்: எந்த வடிவம், எத்தனை வருஷம், எந்த மொழி. அச்சுப் புத்தகம், தமிழ், மூன்றோ ஐந்தோ வருஷம் என்றால் பேசலாம். போட்டிகளின் விதிமுறைகளிலும், "அனுப்பும் படைப்புகளின் உரிமை எங்களுக்கே" என்று அடியில் ஒரு வரி போட்டிருப்பார்கள், பரிசு கிடைக்காத கதைக்கும் சேர்த்து. அந்த மாதிரிப் போட்டிக்கு நான் இப்போது அனுப்புவதில்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழில் எத்தனையோ நல்ல புத்தகங்கள் எழுதியவரே காசு போட்டு வந்தவைதான். அப்படிப் போட வேண்டுமானால் நேராக அச்சகத்துக்குப் போங்கள். ஃபாரம் கணக்கில் விலை கேளுங்கள். முதலில் ஐம்பது, நூறு பிரதி மட்டும் டிஜிட்டலில் அடியுங்கள். கிண்டிலில் மின்னூலாகப் போடச் செலவே கிடையாது, ஆனால் கணக்கு பெரியவர்கள் பெயரில்தான் திறக்க முடியும். என் தம்பி வயதுப் பிள்ளைகள் கேட்டால், அதுவும் இப்போது வேண்டாம் என்பேன். பத்திரிகைக்கு அனுப்பு, திரும்பி வரட்டும், மறுபடி அனுப்பு என்பேன். நான் இப்போது ஒரு சிறிய பதிப்பகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பத்து சதவீத ராயல்டி, தமிழ் அச்சு உரிமை மட்டும், ஐந்து வருஷம். இரண்டு கதையைத் தூக்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டேன், இன்னொன்றுக்கு இன்னும் சண்டை போய்க்கொண்டிருக்கிறது.

சட்ட உதவிக்கான தேசிய இலவச எண் 15100. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாத வீடாக இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் அந்த எண்ணைக் கூப்பிட்டு, உங்கள் தாலுகாவில் எங்கே, என்றைக்கு வரலாம் என்று கேளுங்கள். பிள்ளையின் வயதுச் சான்றின் நகலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.